விசிலைக் கொடுத்து அனுப்பாதீர்கள்!

உங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் ஒருநாள் ஐந்து நிமிடம் நின்று பேசிப் பாருங்கள். 'நான் எக்ஸ் மிலிட்டரி சார்' என்று அவர் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். ஏ.டி.எம். வாசல், நகைக்கடை வாசல், ஆஸ்பத்திரி வாசல், டோல்கேட் என்று எங்கே பார்த்தாலும் அவர்கள்தான். எல்லையைக் காத்தவர் இப்போது நம் ஸ்கூட்டரைக் காக்கிறார்.

காவல் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. நேர்மையாகச் செய்கிற எந்த வேலையும் கேவலமில்லை. என் கேள்வி வேறு. ராணுவத்தில் ஒருவர் ரேடார் பார்த்திருப்பார், கப்பல் இன்ஜினைப் பிரித்து மாட்டியிருப்பார், பனிமலையில் பாலம் போட்டிருப்பார், ரத்தம் கொட்டுகிறவனுக்குக் கட்டுப் போட்டிருப்பார். வெளியே வந்ததும் இத்தனையும் மறைந்து, எப்படி எல்லாரும் ஒரே மாதிரி விசிலும் லத்தியுமாக ஆகிவிடுகிறார்கள்?

காரணம், அரசாங்கத்துக்கே வேறு யோசனை இல்லை. தமிழக அரசு 1986-ல் முன்னாள் படைவீரர்களுக்காக டெக்ஸ்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். பல ஆயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆனால், அங்கே பிரதானமாகக் கிடைப்பது எது? அரசு நிறுவனங்களுக்குக் காவலர் வேலை. டெல்லியில் இருக்கும் மறுவாழ்வு இயக்குநரகத்தின் பட்டியலை எடுத்தாலும் செக்யூரிட்டி ஏஜென்சி, டோல் பிளாசா, பெட்ரோல் பங்க் என்றுதான் போகிறது.

'அதான் இட ஒதுக்கீடு இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. மத்திய அரசின் சி பிரிவு வேலைகளில் 10 சதவிகிதம் முன்னாள் படைவீரர்களுக்கு. காகிதத்தில்! 2021 ஜூன் நிலவரப்படி, கணக்குக் கொடுத்த மத்திய அரசுத் துறைகளில் சி பிரிவு ஊழியர்களில் முன்னாள் படைவீரர்கள் ஒன்றரை சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. கணக்கே கொடுக்காத துறைகள் தனி. தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்பது வழக்கமான பதில். தகுதி எங்கிருந்து வரும்? படிப்பிலிருந்து. படிக்க வைத்தீர்களா?

இந்தக் கேள்வியை இப்போது கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால், இனிமேல் திரும்பி வரப்போகிறவர்கள் நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் அல்ல. இருபத்திரண்டு வயதுப் பையன்கள்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பதினேழரை வயதிலிருந்து 21 வயது வரை சேரலாம் என்று அப்போது சொன்னார்கள் (அந்த வருடம் மட்டும் 23 வரை). நான்கு வருடம் சேவை. முடிந்ததும் 25 சதவிகிதம் பேர் வரை நிரந்தரமாகத் தொடரலாம். மீதிப் பேர் வீட்டுக்கு! முதல் வருடத்துக்கு 46,000 பேர் என்று சொன்னார்கள். நான்கில் மூன்று பங்கு என்றால் 34,500 பேர். தக்கவைக்கும் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் திரும்பி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில்தான் இருப்பார்கள். 2022 கடைசியில் சில்கா பயிற்சி மையத்துக்குப் போன கடற்படையின் முதல் அணிக்கும், 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய ராணுவத்தின் முதல் அணிக்கும் நான்கு வருடம் முடிவது 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும்.

இவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. 'முன்னாள் படைவீரர்' என்ற அந்தஸ்தும் கிடையாது. கையில் 'சேவா நிதி' என்று வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்பதுதான் அறிவிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாதி, அந்தப் பையனின் சம்பளத்திலிருந்து மாதா மாதம் 30 சதவிகிதம் பிடித்த அவனுடைய சொந்தப் பணம். மீதிப் பாதிதான் அரசு போடுவது.

அந்த ஜூன் மாதத்தில் வடக்கே ரயில்கள் எரிந்தபோது, அப்போது பா.ஜ.க.வின் தேசியப் பொதுச் செயலாளராக இருந்த கைலாஷ் விஜய்வர்கியா ஒரு கருத்துச் சொன்னார். கட்சி அலுவலகத்துக்குக் காவல் போட வேண்டுமென்றால் அக்னிவீரருக்கே முன்னுரிமை கொடுப்பாராம். எதிர்ப்பு வந்ததும், தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்றார். திரித்தார்களோ இல்லையோ, வாசல் காவல்தான் இவர்களுக்கு இயல்பான அடுத்த வேலை என்ற நினைப்பு ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. அது நம் எல்லாருடைய மண்டையிலும் இருக்கிறது.

இதை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டியிருக்கிறது ஆலந்தலை. திரு இருதயக் கோயில், மணலில் ஏற்றிய வள்ளங்கள், காயும் வலைகள். இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு அரசாங்கத்தோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. கரையில் உட்கார்ந்திருந்த சர்க்காருக்கு இரண்டு பங்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதோடு அந்தத் தொழில் முடிந்தது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பையன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கடற்படையில் அக்னிவீரராகச் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நடக்காத விஷயமில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர்வதற்குத் தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமே இலவசப் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறது. நீச்சல் தெரிந்த, கடல் தெரிந்த பையன்கள் வேண்டும் என்று தேடிப் போய்க் கூப்பிடுகிறோம். போவதற்குப் பயிற்சி உண்டு. திரும்பி வந்தால்?

நான்கு வருடம் கழித்து வருகிறான். 'ஏலே மக்கா, நேவிக்காரன் வந்துட்டான்' என்று ஊர் கொண்டாடும், ஒரு வாரம். அதற்குள் பணத்துக்கு வரிசை நிற்கும். அக்கா கல்யாணக் கடன், வள்ளத்துக்கு இன்ஜின், உப்புக் காற்றில் காரை பெயர்ந்த வீடு. எந்த வீட்டிலும் மொத்தமாக வருகிற பணம் மொத்தமாகத்தான் போகும். 'அத பேங்க்ல போட்டு வட்டிய எடுத்துப் படி' என்று அட்வைஸ் செய்கிறவர், அந்த வீட்டில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பையனுக்குப் படிக்க ஆசை. டிப்ளமோவோ டிகிரியோ முடித்தால் துறைமுகத்தில் வேலைக்குப் போகலாம், மர்ச்சன்ட் நேவிக்கு முயற்சி செய்யலாம். திருச்செந்தூரில் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியில் வ.உ.சி. கல்லூரி, மீன்வளக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. ஆனால் வீட்டுச் செலவுக்கு மாதம் ஏதாவது வந்தாக வேண்டும். தெரிந்த வேலை கடல். விடியும் முன் வள்ளம் தள்ளினால் திரும்ப மதியம் ஆகலாம். காற்று மாறினால் அதுவும் நிச்சயமில்லை. காலேஜ் மணி காற்றைப் பார்த்து அடிக்காது. 75 சதவிகித வருகைப்பதிவு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. கடலுக்குப் போனால் வகுப்பு இல்லை, வகுப்புக்குப் போனால் வருமானம் இல்லை. அப்புறம் என்ன? தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ ஏதோ ஒரு கடை வாசலில் நைட் டியூட்டி. பகலில் தூக்கம். படிப்பு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அந்த அடுத்த வருஷம் வரவே வராது.

'அரசு ஒன்றுமே செய்யவில்லையா?' என்று நியாயஸ்தர்கள் கேட்பார்கள். செய்திருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது படித்துவிட்டுச் சேர்ந்தவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாவது சான்றிதழ். இக்னோ மூலம் அக்னிவீரர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு. அதில் பாதி மதிப்பெண் தகுதி ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும். துணை ராணுவத்தில் 10 சதவிகித ஒதுக்கீடு என்று அப்போதே உள்துறை அறிவித்தது. கப்பல் துறை அமைச்சகம் மர்ச்சன்ட் நேவிக்குப் போக ஆறு வழிகளை அறிவித்தது. எல்லாம் சரி. ஆனால் துணை ராணுவம் என்பது மறுபடியும் யூனிஃபார்ம், மறுபடியும் துப்பாக்கி. தபாலில் வரும் பட்டம் லேபுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஈடாகாது. மர்ச்சன்ட் நேவி வழிகளில் போவதற்கும் கோர்ஸ், பயிற்சி, பரீட்சை என்று மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரியும்? கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். கதவு வரை நடந்து வர பஸ் காசு யார் தருவது?

இன்னொரு வேடிக்கை. பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்று 2006-ல் தொடங்கியது. 2019-ல் உயர்த்தியபிறகு மாணவர்களுக்கு மாதம் 2,500, மாணவிகளுக்கு 3,000 ரூபாய். நல்ல திட்டம்தான். யாருக்கு? முன்னாள் படைவீரரின் மகனுக்கு, மகளுக்கு, விதவைக்கு. அந்த வீரரே படிக்க விரும்பினால்? இல்லை. வீரர் என்றால் படித்து முடித்த ஆள், வயதான ஆள், இனி பிள்ளைகள்தான் படிக்கணும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதுக்காரனுக்குக் கல்லூரி போகிற மகன் எங்கே இருப்பான்?

சரி, வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் யுத்த வெறியை எத்தனை வேண்டுமானாலும் திட்டலாம். நானும் திட்டுவேன். ஆனால் யுத்தத்திலிருந்து திரும்பியவனைப் பற்றி அவர்கள் யோசித்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1944 ஜூனில், உலகப் போர் முடிவதற்கு முன்பே, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 'ஜி.ஐ. பில்' என்று பெயர். ஃபீஸ், புத்தகம், மாதச் செலவு எல்லாம் அரசு பொறுப்பு. அந்தச் சட்டத்தால் கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்கள்.

அதோடு நிற்கவில்லை. படிக்கிற முன்னாள் வீரருக்குப் பகுதிநேர வேலை கொடுக்கும் 'வொர்க் ஸ்டடி' திட்டமும் அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. கல்லூரியில் இருக்கும் வீரர்கள் உதவி மையத்தில், வீரர்களுக்கான ஆஸ்பத்திரியில், அரசு அலுவலகத்தில் மணிக்கணக்கில் வேலை. வாரத்துக்குச் சராசரி 25 மணி நேரம்தான் உச்சவரம்பு. குறைந்தபட்சக் கூலி உத்தரவாதம். அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தனக்கு முன்னே வந்தவர் பாரம் நிரப்பக் கஷ்டப்பட்டால், இவர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கிறார். இவருக்குச் சம்பளம், அவருக்கு உதவி.

அதிலும் ஓட்டைகள் உண்டு. மத்திய குறைந்தபட்சக் கூலி 2009-ல் 7.25 டாலர் ஆனது. அப்புறம் பல வருடங்கள் அது அசையவே இல்லை. முக்கால்வாசிப் பாடச் சுமையாவது எடுத்துப் படிக்கிறவருக்குத்தான் வேலை என்ற விதியால், குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு பாதி நேரம் படிக்கிறவர்கள் வெளியே நின்றார்கள். இந்த வேலைகளை விரிவாக்கவும், பாதி நேரம் படிப்பவர்களையும் சேர்க்கவும் அங்கே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப மசோதாக்கள் வந்திருக்கின்றன. இன்னொரு பெரிய பாடமும் உண்டு. 1944 சட்டம் எல்லாருக்கும் பொது. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அதன் பலன் சரியாகப் போய்ச் சேரவில்லை. உள்ளூர் அதிகாரிகளும் கல்லூரிகளும் கதவைச் சாத்தினார்கள். சாதி பார்த்து நாற்காலி போடுகிற நாட்டில் இருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும். யார், எதற்கு, எவ்வளவு என்று சட்டத்தில் தெளிவாக எழுதாவிட்டால், பலன் மேலேயே தங்கிவிடும்.

'அது பணக்கார நாடு சார்' என்று ஒரு குரல் கேட்கிறது. அப்படியானால் சாத்தாராவைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் ரயத் சிக்‌ஷண் சன்ஸ்தா என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். ஏழை மாணவன் உழைத்து, அந்த உழைப்பில் படிப்பது அவருடைய கொள்கை. 1947-ல் அவர் சாத்தாராவில் தொடங்கிய கல்லூரியில் அது 'சம்பாதித்துக்கொண்டே படி' என்ற திட்டமாகவே நடந்தது. நாடு சுதந்திரம் அடைந்த வருடத்தில், கஜானா காலியாக இருந்த காலத்தில் ஒரு தனி மனிதரால் முடிந்தது. இன்றைக்கு ஓர் அரசாங்கத்தால் முடியாதா?

ஆகவே, நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வேண்டும். சுற்றறிக்கை போதாது. 'முயற்சி எடுக்கப்படும்' என்ற அறிக்கை போதவே போதாது. அந்தச் சட்டத்தில் குறைந்தபட்சம் இவை இருக்க வேண்டும்:

ஒன்று: நான்கு வருடமோ, பதினைந்து வருடமோ, முப்படைகளில் சேவையை முடித்து வெளியே வந்த யாராக இருந்தாலும், கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும், அவர் கேட்டால் படிக்கும் இடத்திலோ அருகிலுள்ள அரசு அலுவலகத்திலோ பகுதிநேர வேலை கொடுத்தாக வேண்டும். பாதி நேரப் படிப்புக்கும் இது பொருந்தும். வயது வரம்பு குறுக்கே வரக் கூடாது.

இரண்டு: வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வகுப்பு நேரத்தில் கூடாது. பரீட்சை மாதத்தில் வேலையைக் குறைத்தாலும் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது.

மூன்று: வேலை, அவர் கற்றதற்கும் கற்கப்போவதற்கும் சம்பந்தமுள்ளதாக இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப், லேப், நூலகம், என்.சி.சி., விளையாட்டு மைதானம், முதலுதவிப் பயிற்சி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி மேஜை. நம்ம ஆலந்தலைப் பையனுக்கு, மீனவர்களுக்குப் படகு இன்ஜின் பராமரிப்பும் கடல் பாதுகாப்பும் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி மையத்தில் உதவியாளர் வேலை. அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? வாசல் காவல் இந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள்.

நான்கு: சம்பளம் மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் அவருடைய வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். நடுவில் கான்ட்ராக்டர் கூடாது. தாமதித்தால் வட்டி.

ஐந்து: இந்த மாணவர்களைக் காட்டி ஒரு நிரந்தர ஊழியரின் இடத்தைக்கூடக் காலியாக வைக்கக் கூடாது. இதை எழுதாவிட்டால் நாளைக்கே லேப் அசிஸ்டென்ட் போஸ்ட்டை ஒழித்துவிட்டு, 'அதான் அக்னிவீரர் இருக்காரே' என்பார்கள்.

எவ்வளவு செலவாகும்? ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 100 ரூபாய், மாதம் 80 மணி நேரம் என்றால் 8,000 ரூபாய். வருடத்தில் பத்து மாதத்துக்கு 80,000. ஒரு மாவட்டத்தில் நூறு பேர் படித்தால் வருடத்துக்கு 80 லட்சம். அந்த மாவட்டத்தில் ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்டு விழா நடத்துகிறவர்களுக்கு இந்தத் தொகை பெரிதாகத் தெரியாது.

'சிப்பாய்க்கு மட்டும் ஏன்? ஏழை மாணவன் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதுதானே?' இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கொடுக்கத்தான் வேண்டும். துப்பாக்கி தூக்கியவன் மற்றவனைவிட உசத்தி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தப் பையன்களிடம் அரசாங்கம் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவர்கள் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய அதே நான்கு வருடங்களை வாங்கிக்கொண்டிருக்கிறது. கூடப் படித்தவன் டிகிரியோடு நிற்கும்போது, இவன் டிஸ்சார்ஜ் சர்ட்டிஃபிகேட்டோடு நிற்கிறான். எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பது சலுகை ஆகாது. கடன் அடைப்பது. அதை இங்கே ஆரம்பித்து எல்லா ஏழை மாணவர்களுக்கும் விரிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. பசியோடு இருக்கிற பிள்ளை படிக்காது என்று புரிந்துகொண்டு காமராஜர் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டார். கல்லூரிக்குப் போகிற அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப்பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். தத்துவம் ஒன்றுதான்: படிப்பை இலவசமாக்கினால் மட்டும் போதாது, படிக்கிற காலத்துக்கு வயிற்றுக்கும் வழி செய்ய வேண்டும். 2024 சுதந்திர தினத்தில் முன்னாள் படைவீரர்களுக்காக 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தார் அன்றைய முதல்வர் ஸ்டாலின். தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவிகித மூலதன மானியம். தொழில் செய்யத் துணிந்தவருக்கு அது உதவும். படிக்கத் துணிந்தவருக்கு? டெல்லி சட்டம் போடும்வரை காத்திருக்காமல், அரசுக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாநில அரசே இதைத் தொடங்கலாம். இருபத்திரண்டு வயதில் எல்லாராலும் தொழிலதிபர் ஆக முடியாது. மாணவன் ஆக முடியும்.

1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் கொடிநாள் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடத்தில் உண்டியல் வரும். சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு பத்து ரூபாய் போட்டுவிட்டு, தேசத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். அடுத்த கொடிநாளில் உண்டியலில் காசு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடும்போது, உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு போஸ்ட் கார்டும் போடுங்கள். ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும்: 'நம் தொகுதியிலிருந்து நான்கு வருடத்துக்குப் போன பையன்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள்?'

அவரிடம் பதில் இருக்காது. பதில் இல்லாத கேள்வி நூறு போஸ்ட் கார்டில் வந்தால்தான் எம்.பி.க்கள் வாயைத் திறப்பார்கள். சட்டங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.